சூரியகாந்தி: ஒரு நெடும்பூச் செடியின் சமூக வரலாறு

1

பூக்களைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் அழகைப் பற்றியனவாகவே அமைந்துவிடுகின்றன. பூச்செடியை நட்டவர் யார், எவருடைய நிலத்தில் நட்டார், அதன் விதையைக் காத்து வைத்தவர் யார், அதன் பயன் யாரைச் சென்றடைந்தது ஆகிய வினாக்கள் தோட்டக்கலை நூல்களில் எழுவது அரிது. இலக்கிய மாணவரும் இதற்கு விலக்கல்லர். பூவைக் குறியீடாகவும் உவமையாகவும் காணப் பழகிய நமக்கு, அது முதற்கண் ஒரு பயிர், அதாவது மனித உழைப்பின் விளைபொருள் என்பது எளிதில் மறந்துபோகிறது. ஒரே பருவத்தில் முளைத்து, ஆளுயரத்தைக் கடந்து வளர்ந்து, பூத்து, விதை தந்து மடியும் நெடிய ஓராண்டுப் பூச்செடிகளுள் யாவரும் அறிந்தது சூரியகாந்தி. அதனை எடுத்துக்கொண்டு, அதன் வளர்ப்பு முறைகள் சமுதாய உறவுகளோடு பிணைந்து எவ்வாறு மாறிவந்துள்ளன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைக்கும் உழைப்புக்குமுள்ள தொடர்பை ஆராய்ந்த ருஷ்ய மார்க்சியர் பிளெக்கனோவ், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ‘முகவரியற்ற கடிதங்கள்’ என்னும் ஆக்கத்தில், வேட்டைச் சமுதாய மக்கள் பூக்கள் மலிந்த நாடுகளில் வாழ்ந்தபோதும் அவற்றால் தம்மை அணிசெய்வதில்லை என இனவரைவியலாளர் கூறியதை எடுத்துக்காட்டினார். பயிர்ச்செய்கை தோன்றிய பின்னரே தாவரம் அழகுணர்வுக்குரிய பொருளாகிறது என்பதும், பொருள்களைப் பயன்நோக்கிற் காண்பது அழகுநோக்கிற் காண்பதற்கு முந்தியது என்பதும் அவர் கொண்ட முடிபுகளாம். பின்னர் மானிடவியலாளர் ஜக் கூடி, 1993இல் வெளியிட்ட ‘பூக்களின் பண்பாடு’ என்னும் நூலில், அலங்காரப் பூ வளர்ப்பை ஏற்றத்தாழ்வு முதிர்ந்த, செறிவான வேளாண்மையையுடைய சமுதாயங்களோடு தொடர்புபடுத்தினார். இருவர் கூற்றுக்களும் பொதுப்பட ஏற்கத்தக்கனவே. ஆயினும் சூரியகாந்தியின் வரலாறு இவற்றோடு வேறொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என உணர்த்துகின்றது. பயனும் அழகும் ஒரே கைகளில் பிரிவின்றி இருந்த நிலையும் உண்டு; அவை இரண்டும் பிரிந்து, பயன் ஒரு வர்க்கத்தின் சுமையாகவும் அழகு மற்றொரு வர்க்கத்தின் நுகர்வாகவும் ஆனமை வரலாற்றின் விளைவேயன்றி இயற்கையின் நியதியன்று.

பொருளினுட் புகுமுன் பெயர் பற்றி ஒரு குறிப்பு அவசியமாகின்றது. சூரியகாந்தி என்னும் சொல் பழமை தோன்றும் சொல்லாகவே ஒலிக்கின்றது. ஆனால் திருமந்திரம் முதலிய நூல்களிற் காணப்படும் சூரியகாந்தம் என்பது, ஞாயிற்றின் கதிரை ஏற்றுத் தீயை உமிழும் கல்லைக் குறிப்பதேயன்றிப் பூவைக் குறிப்பதன்று. தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிக் கூறுவதாகப் போற்றப்படும் குறிஞ்சிப்பாட்டில் இப்பூவுக்கு இடமில்லை, இருத்தலும் இயலாது. ஏனெனில் இச்செடி வட அமெரிக்காவுக்குரியது; 16ஆம் நூற்றாண்டிலேயே ஏனைய கண்டங்களை நோக்கிப் பயணப்பட்டது. ஒலி ஒற்றுமையைக் கொண்டு எதனையும் நமது தொன்மைக்குரியதாக்கிவிடும் போக்கு நம்மிடையே வலுவாக இருத்தலின், இதனை இங்குத் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று.

2

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி, மனிதர் தாவரங்களைத் தாமாகவே பயிராக்கிய உலகின் தொன்மையான மையங்களுள் ஒன்று. டெனசி மாநிலத்தின் ஹேய்ஸ் என்னும் அகழ்விடத்திற் கிடைத்த சூரியகாந்தி விதை ஏறத்தாழ 4,800 ஆண்டுகள் பழமையானது எனக் கணிக்கப்பட்டுள்ளது. மெக்சிக்கோவிலும் இது தனியே பயிராக்கப்பட்டதா என்பது 2001ஆம் ஆண்டு தொடக்கம் விவாதிக்கப்பட்டு வந்தது. எனினும் இன்று உலகெங்கும் பயிராகும் சூரியகாந்தி கிழக்கு வட அமெரிக்காவிற் தோன்றிய மரபுக்குரியது என்பதையே மரபணு ஆய்வுகள் ஆதரிக்கின்றன.

காட்டுச் சூரியகாந்தி பல கிளைகளாகப் பிரிந்து, சிறு பூக்கள் பலவற்றைத் தாங்கி, முற்றிய விதைகளை நிலத்திற் சிந்திவிடும் இயல்புடையது. ஒற்றைத் தண்டும், அதன் உச்சியில் ஒற்றைப் பெரும் பூவும், சிந்தாது நிற்கும் பருத்த விதைகளும் மனிதத் தெரிவினால் விளைந்தவை. பெரிய பூவின் விதையையே அடுத்த ஆண்டுக்கென எடுத்துவைத்த எண்ணற்ற தலைமுறைகளின் கையுழைப்பு அதில் அடங்கியுள்ளது. தோட்டத்து வேலிக்கு மேலாகத் தலைநீட்டி நிற்கும் செடியை இயற்கையின் விந்தை என நாம் வியக்கும்போது, உண்மையில் வியப்பது அவ்வுழைப்பையே.

அவ்வுழைப்பாளர் பெரும்பாலும் பெண்களாவர். இதற்கு ஒப்பற்ற சான்று ஒன்று நமக்குண்டு. மிசூரி ஆற்றங்கரையில் வாழ்ந்த ஹிடாற்சா இனத்தவரிடையே தோட்டம் பெண்களின் உடைமை. அவ்வினத்தைச் சேர்ந்த மக்சிடிவியாக் (பெயரின் பொருள் ‘காட்டெருமைப் பறவைப் பெண்’) 1839ஆம் ஆண்டளவிற் பிறந்தவர். 1837இன் பெரியம்மைக் கொள்ளைநோய்க்குத் தப்பியோர் அமைத்த ஊரில் வளர்ந்தவர். தம் தாய்மாரிடமும் பாட்டியிடமும் கற்ற பயிர்முறையை அவர் முதுமையில் எடுத்துரைக்க, அவருடைய மகன் மொழிபெயர்க்க, கில்பேட் வில்சன் என்னும் ஆய்வாளர் எழுதிக்கொண்டார். அது 1917இல் மின்னசோற்றாப் பல்கலைக்கழகத்தின் வெளியீடாக வந்தது.

அவர் கூறுவதன்படி, இளவேனிலில் முதன்முதல் ஊன்றப்படும் விதை சூரியகாந்தியே. ஏறத்தாழ ஏப்ரல் மாதத்துக்கு ஒப்பான திங்களில், நிலம் கிளறக்கூடிய நிலையை அடைந்தவுடன் அது நடப்படும். ஒவ்வொரு குழியிலும் மூன்று விதைகள். பெருவிரலாலும் அடுத்த இரு விரல்களாலும் ஒரே அழுத்தில், ஒரு பெண்ணின் விரலின் இரண்டாம் கணு அளவு ஆழத்தில் அவை ஊன்றப்படும். பின் மண்ணைக் குவித்து உள்ளங்கையால் தட்டி இறுக்குவர். குழிக்கும் குழிக்குமிடையே எட்டு அல்லது ஒன்பது எட்டு இடைவெளி விடப்படும். சூரியகாந்தி வயலின் நடுவில் இடம்பெறுவதில்லை. சோளமும் அவரையும் பூசணியும் விளையும் தோட்டத்தின் ஓரத்தைச் சுற்றி, ஐதாக ஒரு வரிசையாகவே நிற்கும். இவ்வாறு சூழப்பட்ட வயல் பார்வைக்கு அழகாயிருக்கும் என்று தாம் கருதியதாக அவர் கூறுகின்றார்.

இக்கூற்று நமது ஆய்வுக்கு முதன்மையானது. வர்க்கப் பிரிவினை முதிராத ஒரு சமுதாயத்தில், உணவுப் பயிரை நடும் பெண், நடும்போதே அதன் தோற்றத்தையும் எண்ணுகின்றார். அழகு இங்கு ஓய்வின் விளைவன்று, உழைப்பினுள்ளேயே அடங்கியதொன்று. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, கோடுடையது என விதையின் நிறத்தால் இனங்கள் பெயர்பெற்றன. ஒவ்வொரு குடும்பமும் தான் விரும்பிய இனத்தைப் பேணியது. கறுப்பு விதை கறுப்பையும் வெள்ளை விதை வெள்ளையையும் பிறழாது தரும் அளவுக்கு அவை நிலைபெற்றிருந்தன. தேனீயால் அயல்மகரந்தச் சேர்க்கையுறும் ஒரு செடியில் இத்தகைய தூய்மையைப் பேணுவது எளிதன்று. வகுத்தறிந்து விதை தெரியும் அறிவின்றி அது கைகூடாது. பெரும் பூக்களைக் கொய்து, மண்குடிலின் கூரைமீது முகங்கவிழ உலர்த்திக் கோலால் அடித்து விதை பிரித்தனர். வறுத்து இடித்த மாவை அவரை, பூசணி, சோளம் ஆகியவற்றோடு சேர்த்துச் சமைத்தனர். போருக்குச் செல்வோர் அம்மாவைப் பிசைந்த உருண்டையை உடன்கொண்டு சென்று, களைப்புற்றபோது சிறிது கடித்துக்கொண்டனர்.

3

ஸ்பானியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்த சூரியகாந்தி, உணவாக அன்றி அரும்பொருளாகவே வரவேற்கப்பட்டது. விதை வந்தது; விதையைப் பற்றிய அறிவு வரவில்லை. 1568இல் பிளாண்டர்ஸ் நாட்டு மருத்துவர் டொடோன்ஸ் வெளியிட்ட பூக்கள் பற்றிய நூலில் அதன் வருணனையும் படமும் இடம்பெற்றன. 1597இல் தமது மூலிகை நூலை வெளியிட்ட ஆங்கிலேயர் ஜோன் ஜெராட், இலண்டனிற் தம் தோட்டத்தில் அது 14 அடி உயர்ந்ததாகவும், ஒரு பூ மூன்று இறாத்தலுக்குச் சற்று மேலான எடையும் 16 அங்குல அகலமும் கொண்டிருந்ததாகவும் பதிவு செய்தார். எலிசபெத் அரசியின் முதன்மை அமைச்சரான பேர்லி பிரபுவின் தோட்டங்களை மேற்பார்வை செய்தவர் அவர். ஹிடாற்சாப் பெண் விரற்கணுவால் அளந்தது விதை ஊன்றும் ஆழத்தை. ஜெராட் அளந்தது உயரத்தையும் எடையையும். அளவையின் நோக்கமே மாறிவிட்டது. உற்பத்திக்கான அளவை காட்சிக்கான அளவையாயிற்று. 2014இல் ஜேர்மனியில் 9.17 மீற்றர் உயரத்துக்கு ஒரு செடியை வளர்த்து உலக சாதனையாகப் பதிவு செய்தமை அம்மரபின் தொடர்ச்சியே எனலாம்.

ஜெராட் உட்பட அக்கால அறிஞர் பலர் இதனைப் பெருநாட்டுச் செடி எனவே கருதினர். 1753இல் இதற்கு அறிவியற் பெயரிட்ட லின்னேயசும் பெருவையும் மெக்சிக்கோவையுமே பிறப்பிடமாகக் குறித்தார். பொன்னும் வெள்ளியும் எந்நாடுகளிலிருந்து கப்பலேறினவோ அந்நாடுகளே அவர்தம் கண்ணுக்குப் புலப்பட்டன. இச்செடியை உருவாக்கிய வடபுல மக்கள் அவ்வரைபடத்தில் இடம்பெறவில்லை.

பயனிலிருந்து பிரிக்கப்பட்ட பூ விரைவிலேயே கருத்துநிலைக்குத் தொண்டுசெய்யலாயிற்று. முதலாம் சாள்ஸ் மன்னனின் அரண்மனை ஓவியராயிருந்த வான் டைக், 1632-33ஆம் ஆண்டளவில் தம்மைத் தாமே தீட்டிய ஓவியத்தில், ஒரு கையாற் பெரியதொரு சூரியகாந்தியைச் சுட்டி, மறுகையால் பொற்சங்கிலியைத் தூக்கிக் காட்டுகின்றார். பூ ஞாயிற்றை நோக்குவதுபோற் குடி மன்னனை நோக்குகின்றான் என்பது அதன் பொருளாக விளக்கப்படுகின்றது. தமிழிலக்கிய மாணவருக்கு இக்கற்பனை புதிதன்று. புறநானூற்றின் 155ஆம் பாடலில் மோசிகீரனார், எழுகின்ற ஞாயிற்றை நோக்கும் நெருஞ்சிப் பூவைப் போல, வறுமையுற்ற புலவரின் உண்கலங்கள் கொண்கானங் கிழானின் மார்பை நோக்குவதாகக் கூறுவார். இரண்டிடத்தும் புரவலனைச் சார்ந்து நிற்கும் நிலை இயற்கை நியதியின் வடிவத்தைப் பெறுகின்றது. ஆயினும் வேறுபாடும் மனங்கொளத்தக்கது. சங்கப் புலவர் வெற்றுக் கலத்தைக் காட்டுகின்றார். அரண்மனை ஓவியரோ பொற்சங்கிலியைக் காட்டுகின்றார். முன்னதிற் பசி மறைக்கப்படவில்லை.

உண்மையில், மலர்ந்த சூரியகாந்தி ஞாயிற்றைப் பின்தொடர்வதில்லை. பூ ஞாயிற்றோடு திரும்புவதைத் தாம் காணவில்லை என ஜெராட் அன்றே எழுதியிருந்தார். கலிபோர்னியாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. இளஞ்செடியின் தண்டு பகலில் கிழக்குப் பக்கமும் இரவில் மேற்குப் பக்கமும் கூடுதலாக வளர்வதால், அதன் உச்சி பகலெல்லாம் கதிரவனோடு திரும்பி, விடியுமுன் மீண்டும் கிழக்கு நோக்குகின்றது. பூ முதிர்ந்ததும் இவ்வசைவு நின்றுவிடுகின்றது. அது கிழக்கு நோக்கியே நிற்கும். காலை வெயிலில் விரைந்து வெப்பமடையும் அப்பூவைத் தேனீக்கள் மிகுதியாக நாடுகின்றன. பணிவின் குறியீடாகப் போற்றப்பட்டது உண்மையில் வளர்ச்சியும் இனப்பெருக்கமுமே.

4

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நெடும்பூச் செடிகளின் நிலை வர்க்க வேறுபாட்டை வெளிப்படையாகக் காட்டுகின்றது. 1845இல் கண்ணாடி மீதான தீர்வை நீக்கப்பட்ட பின்னர், செல்வர் இல்லங்களிற் கண்ணாடி மனைகள் பெருகின. அவற்றில் ஆயிரக்கணக்கில் வளர்த்தெடுத்த குட்டையான வெப்பநாட்டுச் செடிகளைக் கோடையிற் கம்பளம்போற் பாத்திகளில் நிரப்புவது நாகரிகமாயிற்று. கூலித் தோட்டக்காரர் பலரை வைத்திருக்கக்கூடியோர்க்கே அது இயலும். அத்தகைய ஒழுங்கில் ஆளுயரச் சூரியகாந்திக்கு இடமில்லை. அது குடியானவர் வீட்டின் சுவரோரத்திலும் காய்கறிப் பாத்தியின் விளிம்பிலும் நின்றது.

இதற்கு இரசனைக் குறைவைக் காரணம் காட்டுவது பொருந்தாது. வாடகைக் குடிலில் வாழ்பவன் அடுத்த ஆண்டும் அங்கிருப்பான் என்பதற்கு உறுதியில்லை. நிழல்மரமோ பழமரமோ நடுபவன் பல ஆண்டுகளின் நிலவுரிமையை எதிர்பார்த்தே நடுகின்றான். ஓராண்டுச் செடியோ நான்கைந்து மாதங்களில் உயரத்தையும் நிழலையும் வண்ணத்தையும் தந்து, ஆண்டு முடிவில் விதையாகச் சுருங்கி மடியில் முடிந்துகொள்ளக் கூடியதாகிவிடும். நிலம் சொந்தமில்லாதவன் பெறக்கூடிய உயரம் அதுவே. நெடிய ஓராண்டுப் பூக்கள் ஏழையர் தோட்டத்தோடு நெருங்கியிருந்தமைக்கு இப்பொருளியற் காரணம் போதிய கவனத்தைப் பெறவில்லை என்றே கருத வேண்டியுள்ளது.

வில்லியம் றொபின்சன் 1870இலும் 1883இலும் வெளியிட்ட தோட்டக்கலை நூல்களிற் கம்பளப் பாத்திகளைக் கடுமையாகத் தாக்கிக் குடியானவர் தோட்டத்தை முன்மாதிரியாகக் காட்டினார். அதே காலத்தில் அழகியல் இயக்கத்தினர் சூரியகாந்தியைத் தம் சின்னமாக்கினர். 1880களின் தொடக்கத்தில் ஒஸ்கார் வைல்ட் இப்பூவோடு கேலிச்சித்திரங்களில் இடம்பெற்றார். உழைப்போர் வேலியோரத்திற் பேணிய பூ, ‘கலை கலைக்காகவே’ என்போரின் சட்டையில் ஏறியது. இதற்கு மாறாக, 1888 ஓகஸ்ட்டில் தென்பிரான்சின் ஆர்ல் நகரில் வான் கோ தீட்டிய சூரியகாந்திகள் சிலவற்றில் இதழ்கள் உதிர்ந்து, விதைமுற்றிய தலைகள் கனத்துக் கவிந்து நிற்கின்றன. உருளைக்கிழங்கு உண்ணும் உழவரை முன்னர் தீட்டிய ஓவியர், இப்பூவை விதைதரும் பயிராகவும் கண்டார் எனக் கொள்வது தவறாகாது.

5

அலங்காரச் செடி மீண்டும் உணவுப் பயிரானது ருஷ்யாவிலே. அந்நாட்டுக்கு இதனைக் கொணர்ந்தவன் பேரரசன் முதலாம் பீற்றர் என்னும் கதை பரவலாக வழங்குகின்றது. பேரரசர் பெயரால் வரலாறெழுதும் வழக்கம் எங்குமுள்ளது. ஆனால் அரச தோட்டத்துப் பூவை மக்கள் உணவாக்கிய கை ஒரு பண்ணையடிமையினது. வொரோனெஷ் மாகாணத்தின் அலெக்சேயெவ்கா என்னும் குடியிருப்பு, ஷெரெமெத்தேவ் பிரபுவுக்குரியது. அப்பிரபுவின் பண்ணையடிமையான தனீல் பொக்கரேவ் 1829இல் தம் காய்கறித் தோட்டத்திற் சூரியகாந்தி விதைத்து, கைச்செக்கினால் எண்ணெய் பிழிந்தார். சூரியகாந்தி எண்ணெய் அதற்கு முன்னர் எவருக்கும் தோன்றாத எண்ணமன்று. 1716இலேயே இங்கிலாந்தில் ஒருவர் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அங்கு அது தாளோடு நின்றுவிட்டது. ருஷ்யாவிலோ விலங்குக் கொழுப்பையும் வெண்ணெயையும் விலக்கும் நீண்ட நோன்புக் காலங்கள், ஒலிவ மரம் வளராத குளிர்ந்த நிலம், விளைந்தால் விற்பனைக்குரிய கரிசல் மண் ஆகிய யாவும் ஒருங்கிணைந்து தேவையை ஏற்படுத்தின. 1833இல் வணிகர் ஒருவரின் முதலோடு அங்கே எண்ணெய் ஆலை தோன்றியது. கண்டறிந்தவர் அடிமையாகவே இருக்க, ஆலை வணிகருக்கு உரியதாயிற்று. ருஷ்யாவிற் பண்ணையடிமை முறை 1861இலேயே நீக்கப்பட்டது.

பெருவயற் செய்கை புதிய கேடுகளையும் கொணர்ந்தது. வேரை ஒட்டி உறிஞ்சும் பூக்கும் ஒட்டுண்ணியும் துருநோயும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வயல்களைப் பாழாக்கின. தோட்டத்து ஓரத்தில் எட்டு எட்டுக்கு ஒன்றாக நின்ற செடி, அடர்ந்து ஒரே பயிராக நின்றபோது நோய்க்கு இரையானமை வியப்பன்று. குபான் பிரதேசத்தில் 1912 முதல் ஆய்வு நடத்திய பூஸ்தொவோயித், ஒவ்வொரு செடியின் விதையிலும் ஒரு பகுதியைச் சேமிப்பில் வைத்து, மறுபகுதியை விதைத்துச் சோதித்து, சிறந்ததன் சேமிப்பை மட்டும் பெருக்கும் முறையைக் கையாண்டார். சோவியத் ஆட்சிக் காலத்தில் தொடர்ந்த இப்பணியால், விதையின் எடையில் மூன்றிலொரு பங்களவினதாக இருந்த எண்ணெய் ஏறத்தாழ அரைப்பங்காக உயர்ந்தது. ஒவ்வொரு செடியையும் தனித்து அறிந்து விதை தெரியும் இம்முறை, மிசூரிக் கரைப் பெண்கள் குடும்ப அளவிற் செய்ததை ஆய்வுநிலைய அளவிற் செய்தது எனலாம். ஆனால் ஆய்வாளரின் பெயர் நிலைத்தது. அப்பெண்களின் பெயர்கள் மறைந்தன.

6

ருஷ்ய விதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவுக்குத் திரும்பியது. 1880களில் அந்நாட்டு விதைவணிகர் ‘மம்மத் ருஷ்யன்’ என்னும் இனத்தை விளம்பரப்படுத்தினர். தாயகத்தில் வழிவழி வந்த பயிர் அயல்நாட்டுப் பெயரோடு தாயகத்திலேயே விலைபோயிற்று. 1969இல் பிரெஞ்சு ஆய்வாளர் லெக்கிளேர்க், அமெரிக்கக் காட்டினம் ஒன்றோடு கலந்து ஆண்மலட்டுத் தன்மையுடைய செடிகளைப் பெற்றார். இதனால் 1970களில் கலப்பின விதை வணிக அளவிற் சாத்தியமாயிற்று. விளைச்சல் உயர்ந்தது, பயிர் சீராக முற்றியது. ஆனால் கலப்பினத்தின் விதையைச் சேமித்து விதைத்தால் அதே குணம் மீள்வதில்லை. ஆண்டுதோறும் விதை வாங்க வேண்டியவரானார் விவசாயி. உற்பத்திச் சாதனங்களுள் மிக எளியதும் மிகத் தொன்மையானதுமான விதை, உற்பத்தியாளரிடமிருந்து பிரிக்கப்பட்டது. பூ வணிகத்துக்கென மகரந்தமற்ற இனங்களும் உருவாகின. மேசைவிரிப்பில் மகரந்தம் உதிர்ந்து கறைப்படாமை அவற்றின் சிறப்பாக விளம்பரப்படுத்தப்படுகின்றது.

மக்சிடிவியாக்கின் தோட்டமோ இன்று நிலத்தின்மேல் இல்லை. 1947இல் வேலை தொடங்கி 1953இல் ஆற்றை அடைத்த கரிசன் அணையினால், அவருடைய இனத்தவருக்கெனக் குறுக்கி ஒதுக்கப்பட்டிருந்த நிலத்திலும் ஒன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பகுதி நீரில் மூழ்கியது. மூழ்கியது ஆற்றங்கரையின் வளமான மண்ணே. இன்று வட, தென் டக்கோற்றா மாநிலங்கள் அமெரிக்கச் சூரியகாந்திச் செய்கையில் முன்னணியில் நிற்கின்றன. அதே மண், அதே செடி. ஆனால் உடைமை வேறு. 1917இன் நூல் ஹிடாற்சா இனத்தவரின் வேளாண்மை பற்றிய ஒரு கலாநிதிப் பட்ட ஆய்வாக வெளிவந்தது. 1987இல் மறுபதிப்பானபோதே அதன் தலைப்பில் அப்பெண்ணின் பெயர் ஏறியது. அறிவின் உரிமையாளரைத் தலைப்பில் ஏற்றுவதற்கு எழுபது ஆண்டுகள் சென்றன. கலாநிதிப் பட்டத்துக்கென மக்களிடம் தரவு திரட்டும் நாமனைவரும் இதனைச் சிந்தித்தல் தகும்.

7

வீட்டுத் தோட்டத்திற் சூரியகாந்தி வளர்க்க முனைவோர்க்குத் தரப்படும் அறிவுரைகளைத் தொகுத்து நோக்கின், அவற்றுள் பெரும்பாலானவை அத்தொன்மையான அனுபவத்தோடு ஒத்திருப்பதைக் காணலாம். ஆழ ஓடும் ஆணிவேர் பிடுங்கி நடுதலைத் தாங்காதாதலின் விதையை நிற்குமிடத்திலேயே ஊன்றுக என்பர். ஒரு குழியில் இரண்டு மூன்று விதையிட்டு, முளைத்தபின் வலிய கன்றை விட்டு ஏனையவற்றை நீக்கி ஐதாக்குக என்பர். குட்டைப் பயிரின்மேல் நிழல் விழாத ஓரத்தில், நெடிய இனங்களுக்குப் போதிய இடைவெளி விட்டு நடுக என்பர். அடித்தண்டுக்கு மண் அணைத்து, காற்று மிகுந்த இடங்களில் ஊன்றுகோல் நாட்டித் தளர்வாகக் கட்டுக என்பர். பூவின் பின்புறம் பச்சை மாறி மஞ்சளாகிப் பழுப்பேறத் தொடங்குகையில் பறவைகள் முந்திக்கொள்ளாதபடி துணியாலோ வலையாலோ மூடி, பின் காம்போடு கொய்து காற்றோட்டமான இடத்தில் உலர்த்துக என்பர். நோய் தங்காமலிருக்க அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே இடத்தில் நடுதலைத் தவிர்க்குமாறும் கூறுவர். இவ்வறிவுரைகள் விதைப் பொதிகளின் பின்புறத்தில், உரியவர் பெயரின்றி அச்சிடப்படுகின்றன. அவை தாமாகத் தோன்றியவையல்ல; வெவ்வேறு காலங்களில் நிலத்தோடு போராடிய மனிதர் கண்ட முடிபுகள்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. முதலாவதாக, பூவின் அழகை உழைப்புக்குப் புறம்பானதாகக் கருதும் பார்வை உலகப் பொதுவானதன்று. உழைப்பவரும் நுகர்பவரும் வெவ்வேறாகிய சமுதாயத்துக்கே அது உரியது. இரண்டாவதாக, ஒரு செடி உணவாகவோ அலங்காரமாகவோ அமைவதனை அதன் இயல்பு மாத்திரம் தீர்மானிப்பதில்லை; உற்பத்தி உறவுகளும் தீர்மானிக்கின்றன. ஒரே செடி மிசூரிக் கரையில் மாவாகவும், இலண்டனில் விந்தையாகவும், அரண்மனையிற் பணிவின் சின்னமாகவும், அலெக்சேயெவ்காவில் எண்ணெயாகவும் விளங்கியமை இதனைக் காட்டும். மூன்றாவதாக, வளர்ப்பு முறை என்பது வெறும் தொழில்நுட்பமன்று. விதை யார் கையில் உள்ளதோ அவர் கையிலேயே அடுத்த பருவமும் உள்ளது.

ஆகவே தம் தோட்டத்தில் இச்செடியை வளர்ப்போர், கலப்பினம் அல்லாத இனத்தைத் தேர்ந்து, பெரும் பூ ஒன்றையாவது முற்றவிட்டு, அதன் விதையை அடுத்த ஆண்டுக்கென எடுத்துவைப்பார்களாயின், அது வெறும் பொழுதுபோக்காகாது. அழகையும் பயனையும் பிரித்தறியாத அக்கைகளின் மரபை, சிறிய அளவிலேனும், தொடர்வதாகவே அமையும்.